பிடித்த மீனைக் கொல்வதா, விடுவதா?

தூண்டிலில் சிக்கிய மீனை உயிரோடு விடுவது கருணை, கொல்வது கொடுமை என்றே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஏரிகளில் நார்தர்ன் பைக் மீனுக்கென வகுக்கப்பட்ட விதிகள் இந்த நினைப்புக்கு ஒத்துவருவதில்லை.

பைக் ஒரு வேட்டை மீன். வாத்தின் அலகுபோல் தட்டையாக நீண்ட வாய்; மேலண்ணத்தில் தொண்டையை நோக்கிச் சாய்ந்த பற்கள். உள்ளே போன இரை வெளியே வழுக்கி வருவது கடினம். நீர்ச்செடிகளுக்கிடையே அசையாமல் நின்று ஒரே பாய்ச்சலில் கவ்வும். வசந்தத்தில் ஏரியின் பனி உருகியதும், கரையோரம் வெள்ளம் ஏறிய புற்களில் சினையிடும். தன் இனத்துச் சிறு மீன்களையும் விழுங்கும் என்பதால், பெரிய பைக்குகள் இருக்கும்வரை சின்னவை அளவுக்கு மீறிப் பெருகுவதில்லை.

சின்ன பைக்கின் சதையில் ஒய் வடிவ முட்கள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றை நீக்கிச் சதையை எடுக்கப் பொறுமை வேண்டும். அதனால் தூண்டில்காரர்கள் பலர் சின்னதைத் திரும்ப விட்டுவிட்டு, பெரியதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். குளிர்காலத்தில் பனியில் துளையிட்டு ஈட்டியால் குத்துவோரும் பெரியதையே விரும்பினார்கள். நாளடைவில் பல ஏரிகளில் மிஞ்சியவை, பெர்ச் மீன்களைத் தின்று தீர்த்து, இரை போதாமல் வளர்ச்சி நின்றுபோன சின்ன பைக்குகள். உயிரோடு விட்ட மீன்களே ஏரியைக் கெடுத்தன.

2018இல் மாநிலம் விதியை மாற்றியது. வடமத்திய மண்டலத்தில் ஒருவர் 10 பைக் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தூண்டிலில் வந்தது 22 முதல் 26 அங்குலம் வரை இருந்தால் விட்டுவிட வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றில் இரண்டுக்கு மேல் கூடாது. பைக் குறைவாக உள்ள தென்மண்டலத்திலோ 24 அங்குலத்துக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. ஒரே நீளமுள்ள மீனைக் கொல்வது ஓரிடத்தில் ஊக்குவிக்கப்படுகிறது, மற்றோரிடத்தில் குற்றமாகிறது. அந்த மீனின் உயிருக்கு மதிப்பு உண்டா என்பதை இவ்விதிகள் கேட்பதே இல்லை. ஏரியின் நிலையை மட்டுமே பார்க்கின்றன.

இந்தப் பார்வைக்கு வலுவான தத்துவப் பின்புலம் உண்டு. 1949இல் வெளிவந்த நூலில் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட், மண்ணும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த சமூகம் முழுமையோடும் நிலைத்தும் இருக்க உதவும் செயலே சரியான செயல் என்று வாதிட்டார். முழுமைக்காகத் தனி உயிரைப் பலியிடும் இக்கொள்கையை விலங்குரிமைத் தத்துவவாதி டாம் ரீகன் 1983இல் சூழலியல் பாசிசம் என்று கண்டித்தார். ரீகனின் வாதம் முதன்மையாகப் பாலூட்டிகளைப் பற்றியது. மீனுக்கு அது பொருந்துமா என்று கேட்க, மீன் வலியை உணர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2003இல் உயிரியலாளர் லின் ஸ்னெடனும் குழுவினரும் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தைச் செலுத்தினர். அவை உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன, நெடுநேரம் இரையெடுக்கவில்லை. மூளையின் புறணி இல்லாத மீனால் வலியை உணர முடியாது என்று ஜேம்ஸ் ரோஸ் போன்ற ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். விவாதம் முடியவில்லை. ஆனாலும் வலி இருக்கக்கூடும் என்ற ஐயமே கையை அடக்கப் போதுமான காரணம்.

சுவிட்சர்லாந்து அப்படித்தான் முடிவெடுத்தது. விட்டுவிடும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதை அந்நாட்டு விலங்குநலச் சட்டம் தடைசெய்கிறது. முதலில் கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றலாம். மும்முனைத் தூண்டில் முள்ளைச் செவுள்வரை விழுங்கிய பைக்கை நினைத்துப் பார்த்தால் நியாயம் புரியும். வாயை ஒரு கருவியால் அகட்டி, குறடால் முள்ளைத் திருகி எடுக்கும்போது செவுளிலிருந்து இரத்தம் வழிகிறது, பிறகு புகைப்படம், பிறகு விடுதலை. அந்த மீன் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். உணவுக்காக விரைந்து கொல்பவரிடம் அந்த வலிக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. உண்பதற்காகத் தூண்டில் போட்டு, விதி அனுமதிக்காத மீன் சிக்கியதும் விட்டுவிடும் மின்னசோட்டாக்காரரும் விளையாட்டுக்காகத் துன்புறுத்துபவர் அல்லர். அப்படித் துன்புறுத்துபவரிடமிருந்து இவரை வேறுபடுத்துவது நோக்கம்தான்.

ஆனால் ஏரியின் நலன் என்பதை யார் வரையறுப்பது? கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரி, அணை கட்டி உருவாக்கிய நீர்த்தேக்கம். அங்கே டிரவுட் மீன்களைத் தூண்டில்காரர்களுக்காகவே அரசு விட்டுவந்தது. யாரோ கொண்டுவந்து விட்ட பைக் 1994இல் அங்கே தென்பட்டது. அருகிலுள்ள போர்ட்டோலா ஊராரின் எதிர்ப்பையும் மீறி 1997இல் ரோட்டினோன் நஞ்சைக் கலந்து ஏரியின் மீன்களை மாநிலம் கொன்றது. 1999இல் பைக் மறுபடி தோன்றியது. 2007இல் மறுபடி நஞ்சு. இயற்கைச் சமூகமே இல்லாத நீர்த்தேக்கத்தில் லியோபோல்டின் அளவுகோலுக்குப் பிடிமானம் இல்லை. தூண்டில் டிரவுட்டைக் காப்பதற்காக மட்டும் இத்தனை உயிர்களை அழித்திருந்தால் அதை நியாயப்படுத்த முடியாது. பைக் கீழ்நோக்கி இறங்கி சேக்ரமெண்டோ ஆற்றுப் படுகையின் சால்மன்களைத் தின்றுவிடும் என்ற அச்சமே அச்செயலுக்கு இருந்த வலுவான காரணம். அந்த சால்மன் இனம் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதல்ல, அந்த ஆற்றுக்கே உரியது.