தாடை என்ன சொல்கிறது?

சைவமா அசைவமா என்ற சண்டையில் கடைசி ஆயுதமாக வருவது பல். "மனுசனுக்குக் கோரைப்பல் எதுக்கு இருக்கு? கறி திங்கத்தானே" என்பார் ஒருவர். "நம்ம தாடை மாடு மாதிரி பக்கவாட்டுல ஆடுது பாருங்க, புலிக்கு ஆடுமா?" என்பார் இன்னொருவர். கொடைக்கானலுக்கு வேன் பிடித்துப் போகும் நண்பர் கூட்டங்களில் இது சகஜம். வத்தலகுண்டில் சாப்பிட எங்கே நிறுத்துவது என்று தொடங்கும் பேச்சு, மலைப்பாதை வளைவுகள் முடிவதற்குள் பரிணாமவியலுக்கு வந்துவிடும். இரண்டு கட்சிக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு: உடலைப் பார்த்தால் எப்படி வாழ வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும்?

முதலில் உடலையே பார்த்துவிடலாம். பல்லை அழுத்திக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வையுங்கள். தாடைக் கோணத்துக்கு மேலே கட்டியாகத் திரள்வது மாசிட்டர் தசை. நெற்றிப்பொட்டில் அசைவது டெம்போராலிஸ். தாடைக்கு உட்பக்கம், வெளியிலிருந்து தொட முடியாத இடத்தில், டெரிகாய்டு தசைகள் இரண்டு. பக்கத்துக்கு நான்கு, அவ்வளவுதான். பாலூட்டிகளுக்கெல்லாம் அடிப்படை இந்த நான்குதான். மாறுவது விகிதம்.

பழனிமலைச் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் டெம்போராலிஸ் பெரியது. அவற்றின் தாடை மூட்டு கதவுக் கீல் மாதிரி, பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் வேலை செய்யும். காட்டெருமை என்று நாம் அழைக்கும் காட்டுமாட்டுக்கு மாசிட்டரும் உள் டெரிகாய்டும் பெரியவை. மூட்டு பல்வரிசைக்கு நன்றாக மேலே இருக்கும். அம்மியில் குழவி போவதுபோலக் கீழ்த்தாடை பக்கவாட்டில் போய் அரைக்கும். முள்ளம்பன்றியிடம் இன்னொரு விசித்திரம்: மாசிட்டரின் ஒரு பகுதி, கண்ணுக்கு முன்னால் எலும்பில் உள்ள பெரிய துளை வழியாக நுழைந்து முகத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் கொறிப்பதற்காக.

சரி, நமக்கு? ஆண் கொரில்லாவுக்கு டெம்போராலிஸ் உச்சந்தலை வரை ஏறி, அங்கே ஓர் எலும்பு முகட்டில் பிடித்திருக்கிறது. நமக்கு அது காதுக்கு மேலே மெல்லிய விசிறி. 2004-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தை முன்வைத்தார்கள். மற்ற குரங்கினங்களின் தாடைத் தசையில் வேலை செய்யும் எம்ஒய்எச்16 என்ற மரபணுவில், மனிதருக்கு இரண்டு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மூன்று மூன்றாகப் படிக்கப்படும் குறியீட்டில் இரண்டு எழுத்து போனால், அதற்குப் பின் வருவதெல்லாம் உளறல். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு நன்றாகப் பழகிய விபத்து இது. அது எப்போது நடந்தது, மூளை பெரிதானதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் அடுப்பும் அம்மியும் அரிவாள்மனையும் உள்ள பிராணிக்குப் பெரிய தாடை தேவையில்லை. நம் மெல்லும் வேலையில் பாதி வாய்க்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

விடுபட்டுப்போன இரண்டு எழுத்துகளிலிருந்து எந்தக் கட்டளையைப் படிப்பது? கறி தின்னு என்றா, தின்னாதே என்றா? 'இருக்கிறது' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்கு எழுத்தாளர்கள் சத்தமில்லாமல் தாவிவிடுகிறார்கள் என்று டேவிட் ஹ்யூம் 1740-லேயே சுட்டிக்காட்டினார். வேன் சண்டையில் நடப்பதும் அந்தத் தாவல்தான். வேறு இடங்களில் நாம் இப்படித் தாவுவதில்லை என்பதையும் கவனியுங்கள். நாய்களுக்கு ஒரு நோய் வரும். அவற்றின் மெல்லும் தசைகளில் கைகால் தசைகளில் இல்லாத தனி வகைப் புரத இழை உண்டு. உடலின் எதிர்ப்பு சக்தியே அதை அந்நியன் என்று நினைத்துத் தாக்கும். கடைசியில் நாயால் வாயைத் திறக்க முடியாது, தட்டு நிறையச் சோறு இருந்தாலும் பட்டினி. அந்த நாயைப் பார்த்து "இயற்கையே இதைப் பட்டினி கிடக்கச் சொல்லுது" என்று யாராவது சொல்வோமா? ஸ்டீராய்டு மருந்து கொடுக்கத்தான் ஓடுவோம்.

அப்படியானால் தாடை நமக்கு எதையுமே சொல்லவில்லையா? சொல்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதற்குக் காட்டுமாட்டிடம் திரும்பிப் போக வேண்டும்.

அதற்கு மேல்முன்பற்கள் கிடையாது. நாக்கால் புல்லை வளைத்துப் பிடித்து, கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள கெட்டியான ஈறுக்கும் நடுவே வைத்துப் பிடுங்கும். அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகு ஓரிடத்தில் படுத்து, வயிற்றின் முதல் அறையிலிருந்து மேலே கொண்டுவந்து நிதானமாக அசைபோடும். நமக்கு மெல்லுவது ஒரு சோதனைச்சாவடி. சோற்றில் ஒரு முடி கிடந்தாலும் நாக்கு பிடித்துவிடும். காட்டுமாட்டுக்கோ முதலில் அனுமதி, அப்புறம்தான் சோதனை. வேட்டையாடிகள் உள்ள காட்டில் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: முன்னால் கிடப்பது செடிகொடிதான் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குள்தான் பிளாஸ்டிக் பை நுழைகிறது. புல் அசைபோட மேலே வரும்; பை முதல் அறையிலேயே தங்கிச் சுருண்டு சேரும். வயிறு நிறைந்தே இருக்கும், மாடு இளைத்துக்கொண்டே போகும். 2019-ல் சென்னையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள். காட்டுமாட்டின் வயிறும் அதே அமைப்புதான். அதற்கு அறுவை மேசை கிடையாது என்பதே வித்தியாசம்.

காட்டுமாடு ஏன் ஏழு ரோடு வரைக்கும் வருகிறது? 2018-ல் வெளிவந்த செயற்கைக்கோள் பட ஆய்வு ஒன்றின்படி, பழனிமலையின் மேல்மலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டது. அந்த இடத்தில் சீகையும் பைனும் யூகலிப்டஸும் விவசாயமும். அரைக்கும் தாடை அப்படியேதான் இருக்கிறது. அரைக்க வேண்டிய புல்லைத்தான் காணோம்.

"இப்போ நீங்களும் தாடையிலிருந்து 'வேண்டும்' என்பதற்குத் தாவுறீங்களே?" என்று கேட்கலாம். இல்லை. ஓர் உயிரைச் சும்மா வதைக்கக் கூடாது என்பதைத் தாடை எனக்குக் கற்றுத்தரவில்லை. அதை நான் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுதான் வருகிறேன். வதை எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை மட்டும் தாடை காட்டிக்கொடுக்கிறது. தேர்ந்தெடுக்கத் தெரிந்த நமக்கு உடற்கூறு கட்டளை ஆகாது. குப்பையைத் தேர்ந்தெடுத்து ஒதுக்கத் தெரியாத உயிரின் உடற்கூறோ, நாம் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் போக இ-பாஸ் வேண்டும். இந்த விதிகளெல்லாம் நல்லவையே. ஆனால் மலைப்பாதை ஓரத்தில் வேனை நிறுத்திப் பொட்டலம் பிரிக்கும்போது பக்கத்தில் எந்த அதிகாரியும் நிற்பதில்லை. பல்லைப் பற்றிச் சண்டை போட்ட இரண்டு கட்சியும் அங்கே ஒன்றாகத்தான் சாப்பிடுகின்றன. சாம்பார் சாதம் கட்டிய கவரும் பிரியாணி கட்டிய கவரும் காட்டுமாட்டுக்கு ஒன்றுதான்: உப்பும் சோற்று வாசனையும். இரண்டையும் அது நம்பித்தான் விழுங்கும்.