மீட்டர் காட்டுவதெல்லாம் மெய்யா?

காலையில் 5.8. மாலையில் 7-ஐத் தாண்டுகிறது. பாஸ்பாரிக் ஆசிட் சில துளி விட்டால் இறங்குகிறது, மறுநாள் பழையபடி ஏறி நிற்கிறது. மாமல்லபுரம் பக்கம் மொட்டை மாடியில் குழாய் பொருத்தி, மண்ணில்லாமல் கீரை வளர்ப்பவரைக் கலங்கடிக்கும் எண், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் இந்த பி.எச். 7-க்கு மேல் போனால் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல், தளிர் இலை மஞ்சளாகிவிடும். மாறுவது தண்ணீரா, தவறுவது மீட்டரா?

கண்டதை எப்போது மெய்யென்று கொள்வது என்ற பழைய தத்துவக் கேள்விதான் இது. மணிமேகலைக் காப்பியத்தில், பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில்தான் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். அவர் ஏற்கும் அளவைகள், அதாவது அறியும் வழிகள், இரண்டு: காட்சியும் அனுமானமும். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதியில் இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அளவையைப் பேசினார். பிறர் ஆறு, பத்து என்று அடுக்கியவற்றைக் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் அடக்கினார். காட்சியிலேயே ஐயமும் திரிபும் புகுந்துவிடும் என்றும் பிரித்துக் காட்டினார்.

மீட்டரின் காட்சிக்கும் இவ்விரு குறைகள் உண்டு. நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்துபோனால் எண் நிலைகொள்ளாமல் அலையும். அதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்தே வைக்க வேண்டும். உப்பு குறைந்த ஆர்.ஓ. தண்ணீரில் நல்ல மீட்டருக்கும் எண் நிற்க நேரமாகும். இவை ஐயம். தொட்டிக்குள் மூழ்கிய மோட்டாரில் மின்கசிவு இருந்தால், எண் அசையாமல் நின்றே தவறாகக் காட்டக்கூடும். பிளக்கைப் பிடுங்கியதும் எண் தாவினால் மோட்டாரை மாற்றிவிட வேண்டும். அதுவரை தொட்டியில் கை வைக்கக் கூடாது. இது திரிபு. அலையும் எண்ணை எவரும் சந்தேகிப்பார்கள். அசையாத பொய் எண்ணை நம்பி ஆசிட் ஊற்றுவதில்தான் பயிர் போகிறது.

மீட்டர் சரியென்று தெரிந்தபின் கருதலின் வேலை தொடங்குகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? புகையைக் கண்டு மலையில் தீ உண்டென்று சொல்வதுபோல, அதைக் கொண்டு தொட்டியில் விடும் போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் மிகுதி என்று சொல்லலாம். விட்ட ஆசிட் பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக்குகிறது. வாயு வெளியேற வெளியேற பி.எச். மறுபடி ஏறுகிறது. வேர் நைட்ரேட்டை உறிஞ்சினாலும் ஏறும். அம்மோனியத்தை உறிஞ்சினால் இறங்கும். தொட்டிக்குள் வெயில் விழுந்து பாசி பிடித்தால் பகலில் ஏறி இரவில் இறங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் தாங்கிப் பிடிக்க பைகார்பனேட் ஏறக்குறைய இல்லாததால், இரண்டு துளி ஆசிட்டுக்கே எண் சரிந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் உப்பு நீக்கிய தண்ணீருக்குத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மீட்டர் சரியென்று எப்படித் தெரிந்தது?

4.01, 7.00 என்று அச்சிட்ட பஃபர் கரைசல்களில் முக்கிப் பார்த்துத்தான். அந்தக் கரைசல் 7.00 என்பதை வளர்ப்பவர் கண்டதில்லை. 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் வகுத்த பி.எச். அளவுகோலையும், பிறகு வந்தவர்கள் சரிபார்த்த தரத்தையும், பாக்கெட்டில் உள்ள எழுத்தையும் நம்புகிறார். அதாவது உரையை ஏற்கிறார். கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்று உறுதியாக இருப்பவரால் ஒரு மீட்டரைக்கூடச் சரிசெய்ய முடியாது.

சித்தாந்தம் சொல்லும் உரை இறைவன் அருளிய ஆகமம். பாக்கெட் எழுத்தை அதற்கு ஈடாக வைக்க முடியாது. பாக்கெட் தவறினால் இன்னொன்றைப் பிரித்துச் சோதிக்கலாம். ஆகமத்துக்கு அப்படி ஒரு சோதனைச்சாலை கிடையாது. ஆனால், சொல்பவர் குற்றமற்றவரா என்று ஆராய்ந்தபின் அவர் சொல்லை அறிவின் வழியாக ஏற்கலாம் என்ற நிலைப்பாடு இரண்டுக்கும் பொது. உரையை ஏற்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை எண் மாறினால் ஆசிட் பாட்டிலை எடுக்காதீர்கள். முதலில் புதிதாகப் பிரித்த பஃபரில் மீட்டரைச் சோதியுங்கள். பிறகு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கீரைக்கு 5.5 முதல் 6.5 வரை எந்த எண்ணும் சரியே. அதற்குள் ஏறி இறங்கினால் விட்டுவிடுங்கள்.