குருவை நகர்த்தியது எது?

குருப்பெயர்ச்சி நெருங்கினால் மூணாறு எஸ்டேட் லயங்களில் வேறு பேச்சே இருக்காது. எந்த ராசிக்கு யோகம், எதற்குப் பரிகாரம், கொண்டைக்கடலை மாலை எந்தக் கோயிலில். நான் இங்கே பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவன், சிவதீட்சை பெற்றவன். என் கேள்வி ஒன்றுதான்: நம்மை நகர்த்துவதாகச் சொல்லும் வியாழனை நகர்த்தியது எது?

வியாழன் பிறந்த இடம் வேறு, இன்று சுற்றும் இடம் வேறு என்று கருதும் வானியலார் பலர். 2011இல் கெவின் வால்ஷ் குழுவினர் சொன்ன விளக்கம் இது: இளஞ்சூரியனைச் சூழ்ந்திருந்த வாயுத்தட்டு வியாழனை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது, இன்று செவ்வாய் இருக்கும் தூரம் வரைக்கும். பின்னாலேயே வந்த சனி, வியாழன் மூன்று முறை சுற்றினால் தான் இரண்டு முறை என்ற கணக்கில் அதனோடு பிணைந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வெளியே திரும்பின. செவ்வாய் பூமியில் பத்தில் ஒரு பங்கு எடையோடு நின்றுபோனதற்கு, அதற்கான பொருளை வியாழன் சிதறடித்ததே காரணமாம். இது முடிந்த முடிவல்ல. இப்படி வெளியே திரும்பாத கோள்களும் உண்டு. 2023இல் அபு மலை குருசிகரத்திலிருந்து நம் விஞ்ஞானிகள் கண்டறிந்த டிஓஐ-4603பி, வியாழனைப்போல் சுமார் 13 மடங்கு எடை. தன் விண்மீனை ஏழே நாளில் சுற்றிவிடுகிறது. அது தொலைவிலிருந்து உள்ளே இழுபட்டு வந்திருக்கவேண்டும் என்பதற்கு அதன் நீள்வட்டப் பாதையே தடயம்.

ஆக, அத்தனை பெரிய கோளின் கதியையும் அது இருந்த இடமும் பக்கத்தில் இருந்ததும் சேர்ந்தே தீர்மானித்தன. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த வழியில் வினையே சடம். தானாகப் பலனை ஊட்டாது. வினைக்கே இல்லாத அறிவு வாயு உருண்டைக்கு ஏது? இப்படிக் கேட்பது நாத்திகம் ஆகாது. பாலக்காட்டைக் கடந்து பாரதப்புழை கடலைத் தொடும் பக்கத்தில், சோமயாகம் செய்த வானியலார் நீலகண்டர் 500 ஆண்டுக்கு முன்பே, வானத்தோடு ஒத்துப்போகாத கணக்கைத் திருத்தத்தான் வேண்டும் என்று வாதாடினார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கிரகக் கோளாறு என்று சிலர் சொன்னபோது என் வயிறு எரிந்தது. கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் ஒரே ஜாதகமா? மழை கொட்டியது, சரிவுக்குக் கீழே லயம் இருந்தது. பழியை வியாழன்மேல் போட்டுவிட்டால், சரிவுக்குக் கீழே ஏன் ஆட்களைக் குடிவைத்தீர்கள் என்று யார் கேட்பது? மாலை போடுங்கள், தட்சிணாமூர்த்தியைக் கும்பிடுங்கள், நானும் வருகிறேன். அடுத்த மழைக்கு முன்னால் அந்தக் கேள்வியையும் சேர்ந்து கேட்போம்.