இரண்டு இருக்கைகளும் எல்லையில்லா ஆசையும்

அழகிய பொருளைக் கண்டு மகிழ்தல் குற்றமாகுமா? பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தைப் போற்றும் இல்லறத்தார் உள்ளத்தில் எழக்கூடிய வினா இது. இதனை ஆராய அமெரிக்க நாட்டுக் கார் ஒன்றைச் சான்றாகக் கொள்வோம்.

ஃபோர்டு நிறுவனம் 1955ஆம் ஆண்டிற்கென 'தண்டர்பேர்டு' என்னும் காரை வெளியிட்டது. அதில் இருந்தவை இரண்டே இருக்கைகள். பந்தயத்தில் வெல்வதோ, குடும்பத்தைச் சுமப்பதோ அதன் முதல் நோக்கமன்று. தாழ்ந்து நீண்ட உடலும், கழற்றி மாட்டத்தக்க கூரையும், எட்டு உருளை எஞ்சினும் கொண்டு, சொகுசாகவும் பிறர் காணவும் செல்வதற்கென்றே அது அமைந்தது. முதலாண்டிலேயே 16,000க்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன.

மூன்றே ஆண்டுகளில் அவ்வடிவம் நின்றது. 1957இல் 21,000க்கு மேல் இருந்த எண்ணிக்கை, நால்வர் அமரும் வகையில் மாற்றப்பட்ட 1958இல் 37,000ஐத் தாண்டியது. பயன் மிகுந்ததையே மக்கள் மிகுதியாக வாங்கினர். ஆயினும், பழைய கார்களைச் சேகரிப்போர் பெரிதும் விரும்பித் தேடுவது அந்த முதல் மூன்றாண்டுக் கார்களையே. அந்நினைவைப் போற்றி இரு இருக்கை வடிவம் 2002ஆம் ஆண்டிற்கென மீண்டும் வந்து, 2005உடன் மறைந்தது.

பயன் குறைந்த பொருள்மீது ஏன் இத்துணை விருப்பம்? "தேவைக்காக வாங்கியவன் அல்லன் நான்" என்று அப்பொருள் தன் உடையவனுக்காகப் பேசுகிறது. இருக்கைகளுக்கு அளவு உண்டு, ஆசைக்கு இல்லை. பொருளின் எல்லை வேறு, நாம் நமக்கு வகுத்துக்கொள்ளும் எல்லை வேறு.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுகையில் பொருளைச் சுட்டாமல், உள்ளத்து மயக்கத்தையே சுட்டினார். ஆகவே, கார் இல்லாமலே அதற்காக ஏங்குபவனும் பற்றுடையவனே. அங்ஙனமாயின், "பல கார்கள் இருந்தும் எனக்குப் பற்றில்லை" என்று ஒருவன் கூறினால் ஏற்கலாமா? உள்ளம் தன்னையே ஏமாற்ற வல்லது. அதனாலன்றோ நம் முன்னோர் இல்லறத்தாரை, 'இவ்வளவு போதும்' என முன்கூட்டியே எண்ணி வரையறுக்கச் செய்தனர்!

வினைஞன் கைத்திறனைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. 'இஃது எனதாதல் வேண்டும்' என்னும் எண்ணம் முளைக்கும் இடத்திலேயே விழிப்பு வேண்டும்.

அயல்நாட்டான் ஆசையைக் கண்டு நகைப்பது எளிது. நம் இல்லத்துப் பெட்டியில், ஆண்டுக்கொரு முறையும் வெளிவராத வெள்ளிப் பாத்திரங்கள் எத்துணை? அவற்றிற்கும் அந்த இரண்டு இருக்கைகளுக்கும் வேற்றுமை யாது? இன்றே பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்போமாக. எண்ணத் தொடங்குதலே வரைதலின் முதற்படி.