நல்லெண்ணம் மட்டும் போதுமா?

மகாராஜபுரத்திலிருந்து பார்த்தால் சதுரகிரி மலை தெரியும். மழைக்காலத்தில் அம்மலை ஓடைகள் பெருகிக் கண்மாய்களை நிறைக்கும். பிறகு குத்தகைக்காரர் கட்லா, ரோகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவார். வடநாட்டு ஆறுகளின் மீன்கள் அவை. கரையில் நின்று மகிழ்ந்திருக்கிறோம். நீரில் உயிரை விடுவதில் தீமை ஏது?

காவிரியில் நடந்ததை அறிந்தபின் அம்மகிழ்ச்சி குறைந்தது.

காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரியது கூன்முதுகு மகசீர் என்னும் பெருங்கெண்டை. 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 ராத்தல் இருந்தது. லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தார், அருகிவருவதாகக் கருதப்பட்ட நீலத்துடுப்பு மகசீரைக் காக்க எண்ணி, 1970-களிலிருந்து அதன் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தனர். அக்குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. எல்லாம் மகசீர்தானே என்பது அன்றைய எண்ணம். வந்த மீன் பெருகியது. வீட்டுக்காரன் மறைந்துகொண்டே போனான். உலகெங்கும் தூண்டிற்காரர் புகழ்ந்த இம்மீனுக்கு உரிய அறிவியற்பெயர் கூட அதுவரை தெளிவாகவில்லை. முன்பே பாம்பாற்று மீனுக்கு இடப்பட்ட ‘டோர் ரெமாதேவி’ என்னும் பெயரே இதற்கும் உரியதென்று 2018-இல்தான் ஆய்வாளர் காட்டினர். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. நீலத்துடுப்போ அப்பட்டியலில் கவலைக்குரிய நிலையிலிருந்தே நீங்கிவிட்டது!

இங்கே யாரைக் குற்றவாளி என்போம்? அணைகளும் வெடிவைத்து மீன்பிடிப்போரும் செய்த கேட்டை நாம் எளிதில் கண்டிப்போம். குஞ்சு விட்டவரை அப்படிக் கண்டிக்க மனம் வரவில்லை. ஆனால் அறியாமல் செய்தது பாவமாகாது என்று கூறி நம் மனச்சான்று ஆய்வை முடித்துக்கொள்ளலாமா? யாருக்கு உதவுகிறோம் என்று பெயர் கேட்காமலே கொடுத்த கை அது. நாமும் பலமுறை அப்படியே கொடுத்திருக்கிறோம், பெற்றவருக்கு அது வேண்டுமா என்று வினவாமல்.

தீங்கு தெரிந்தபின் கடமை தொடங்குகிறது என்றே எண்ணுகிறோம். மாயாற்றில் கூன்முதுகு இன்னும் வாழ்கிறது. மீட்பதானால் அவ்வாற்றின் வழித்தோன்றலிலிருந்தே மீட்க வேண்டும். அதுவரை அயல் குஞ்சு ஒன்றும் அங்கே சேரக்கூடாது. கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பது கடினம். விழாவும் இல்லை, படமும் இல்லை.

அடுத்த மழைக்குக் குஞ்சு வண்டி வரும்போது, நம்மூர் ஓடைகளில் முன்பு எந்தெந்தக் கெண்டைகள் எதிரேறி வந்தன என்று முதியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இருக்கிறோம்.