வெற்றுக் கிண்ணத்தின் எடை

ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம். தொழிற்சாலை தன் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றிலோ ஏரியிலோ விடும்போது, அதில் கரையாமல் மிதக்கும் திடப்பொருள் இந்த அளவைத் தாண்டக்கூடாது. நம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொது வரம்பு இது. ஆய்வகத்தில் முழு லிட்டரையும் வடிகட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். 100 மில்லிலிட்டர் எடுத்தால், சட்டம் மீறப்பட்டதா இல்லையா என்று தீர்மானிக்கிற பொருள் வெறும் 10 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு இதைப்போலப் பல மடங்கு இருக்கும். அதை ஏந்தியிருக்கும் பீங்கான் குரூசிபிளோ 20, 25 கிராம். காலி லாரியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றி, பிறகு இரண்டு கிலோ தக்காளியோடு இன்னொருமுறை ஏற்றி, கழித்துப் பார்த்துத் தக்காளியின் எடையைச் சொல்வது மாதிரியான வேலை.

ஓசூரில் இந்த எண்ணுக்கு ஒரு கூடுதல் பாரம் இருக்கிறது. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரத்தை ஒட்டி இறங்கி, தமிழ்நாட்டுக்குள் வந்ததும் முதலில் தேங்குவது கெலவரப்பள்ளி அணையில். அணையைத் திறந்தால் நுரை பொங்கி வரும் படங்களை எல்லாருமே பார்த்திருப்போம். அதே ஆறு அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், கடைசியில் கடலூர்ப் பக்கம் கடலுக்கும் போகிறது. மேலே இருக்கிறவர் என்ன விட்டார், நாம் என்ன சேர்த்தோம் என்ற சண்டையில் நுரையின் படம் கோபத்தை மட்டும்தான் தரும். யார் பங்கு எவ்வளவு என்று சொல்ல எண் வேண்டும். அந்த எண் ஏதோ ஓர் ஆய்வகத்தில், ஒரு காலிக் கிண்ணத்தை எடை போடுவதில் தொடங்குகிறது.

இப்படி ஓர் ஆய்வகத்தில் சில வருஷம் வேலை பார்த்த நண்பனிடம் முறையைக் கேட்டேன். கண்ணாடி இழை வடிதாளை முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவணும், உதிரக்கூடிய இழையெல்லாம் அப்போதே உதிர்ந்துவிடும். குரூசிபிளோடு சேர்த்து 103 முதல் 105 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம். பிறகு டெசிகேட்டரில் ஆறவிடணும், உள்ளே சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கணும், இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதுவே ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். இடுக்கியால்தான் எடுக்கணும், விரல் பட்டால் விரலின் எண்ணெயும் எடையில் சேரும். எடை போட்டதும் திரும்ப ஓவன், திரும்ப ஆறல், திரும்ப எடை. இரண்டு எடைக்கும் வித்தியாசம் 0.5 மில்லிகிராமுக்குள் வரும்வரை.

“எடை நிக்கணும்டா,” என்றான். “நிக்காத எடையை நோட்டுல எழுதக்கூடாது. ஆனா அன்னிக்கு இருக்கற பன்னெண்டு சாம்பிளுக்கும் நிக்க வெச்சா, ராத்திரி நான்தான் அங்க நிக்கணும்.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குள் ஒரு கேள்வி அங்கேதான் ஆரம்பித்தது. காலிக் குரூசிபிளைச் சரியாகக் காயவைக்காமல், ஒரே ஒருமுறை எடை போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும்? அதிலும் வடிதாளிலும் 2 மில்லிகிராம் ஈரம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். காலி எடை அந்த அளவுக்குக் கூடுதலாகப் பதிவாகும். பிறகு கழிவுநீரை வடிகட்டி, இந்த முறை நன்றாகக் காயவைக்கும்போது அந்த 2 மில்லிகிராமும் ஆவியாகிவிடும். உண்மையில் 12 மில்லிகிராம் இருந்த படிவு 10 என்று வரும். லிட்டருக்கு 120 என்பது 100 ஆகிவிடும். வரம்புக்குள்!

இதில் பொய் எங்கே இருக்கிறது? தராசு காட்டியதைத்தான் இரண்டு தடவையும் எழுதினார்கள். கழித்தலில் பிழை இல்லை. யாரும் காசு வாங்கவில்லை, எண்ணைத் திருத்தவில்லை. கழிவுநீர் அந்தக் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பொய்யைப் பற்றி நமக்குப் பழக்கமான வரையறை, உண்மை தெரிந்தும் மாற்றிச் சொல்வது. இங்கே உண்மை தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளச் செய்யவேண்டிய வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அது தப்பா? 1877இல் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் நம்பிக்கையின் அறம் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றிச் சொல்கிறார். பழைய கப்பல், பழுது பார்க்கவேண்டும் என்ற சந்தேகம் அவருக்கு உண்டு. ஆனால் இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தி, முழு நம்பிக்கையோடு அனுப்பிவைக்கிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். கிளிஃபர்ட் ஒரு படி மேலே போகிறார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான், ஏனென்றால் அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இல்லை.

குரூசிபிளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஒருமுறை மட்டும் போட்ட எடை தற்செயலாகச் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அதை எழுதும் உரிமை இரண்டாவது எடையால்தான் கிடைக்கிறது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. இப்படியே போனால் எங்கே நிறுத்துவது? மூன்றாவது எடை, நான்காவது எடை என்று வாழ்நாள் முழுக்க ஒரே கிண்ணத்தைக் காயவைத்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அந்த முறையும் அதைக் கேட்கவில்லை. அது கேட்பது 0.5 மில்லிகிராம். எங்கே நிறுத்தலாம் என்பதை எடை போடுவதற்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறது, இதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தனக்குச் சாதகமான எண் வந்ததும் நிறுத்துகிறவரும், எண் எதுவானாலும் அது அசையாமல் நின்றபிறகு நிறுத்துகிறவரும் சில நாட்களில் ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள். ஆனால் இரண்டும் ஒரே செயல் அல்ல.

மென்பொருள் வேலையில் இதன் உடன்பிறப்பைத் தினமும் பார்க்கிறேன். ஒரு டெஸ்ட் சிவப்பாக வந்தால் “இன்னொரு தடவை ஓட்டிப் பாரு” என்பார்கள். பச்சை வந்துவிட்டால் யாரும் இன்னொரு தடவை ஓட்டுவதில்லை. ஆய்வகத்திலும் இதே சாய்வு உண்டு. கடைசி எடையின்போது படிவு சரியாகக் காயாவிட்டால் ஈரம் சேர்ந்து எண் அதிகமாக வரும். வரம்பைத் தாண்டினால் உடனே கேள்வி வரும், திரும்பச் செய்வார்கள், பிழை திருத்தப்படும். முதல் எடையில் ஈரம் இருந்தால் எண் குறைவாக வரும். அதை யார் கேட்கப்போகிறார்கள்? நமக்கு வலிக்கிற பிழைகள் திருத்தப்படுகின்றன, இதமான பிழைகள் நோட்டிலேயே தங்கிவிடுகின்றன. ஆக யாருக்கும் கெட்ட எண்ணமே இல்லாமல், வெறும் சோம்பலும் வசதியும் சேர்ந்தே எண்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட முடியும்.

காலிப் பாத்திரத்தைச் சந்தேகிப்பதில் மன்னன் என்றால் ரேலே பிரபுதான். வாயுக்களைக் கண்ணாடிக் கோளத்தில் அடைத்து நிறுத்தவர். காற்றை உறிஞ்சி எடுத்ததும் வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்தால் கோளமே கொஞ்சம் சுருங்குகிறது, ஆகவே காலிக் கோளம் வேறு, நிரம்பிய கோளம் வேறு என்று கண்டு அதற்கும் திருத்தம் சேர்த்தார். பிறகு காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் அந்தக் கோளத்தில் 2.310 கிராம், வேதிப்பொருட்களிலிருந்து எடுத்தது 2.299 கிராம் என்று வந்தது. அரை சதவீத வித்தியாசம். ஏதோ கைப்பிழை என்று அவர் தள்ளிவிடவில்லை, ஏனென்றால் பாத்திரத்தின் மேல் பழிபோடும் வழியை அவரே முன்கூட்டி அடைத்துவிட்டிருந்தார். அந்த வித்தியாசத்தைத் துரத்தியதில்தான் வில்லியம் ராம்சேயும் அவரும் 1894இல் ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள். 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு, அவருக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில்.

ஆனால் ரேலே ஒரு பிரபு. சொந்த வீட்டில் சொந்த ஆய்வகம், சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் கேட்க மேலாளர் கிடையாது. என் நண்பன் கணக்கில் ஒரு சுற்றுக்குக் காய ஒரு மணி, ஆற அரை மணிக்கு மேல். இரண்டு சுற்று என்றாலே காலிக் கிண்ணத்துக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இருக்கிற ஓவன் ஒன்று. “ஐந்து மணிக்குள் அனுப்பிவிடு” என்று சொல்கிறவருக்கு, இரண்டாவது எடை போடக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. நேரமே அதைச் சொல்லிவிடும். கிளிஃபர்டின் கதையில் சந்தேகப்பட்டவரும் லாபம் பார்த்தவரும் ஒரே ஆள். இங்கே அவர்கள் இரண்டு பேர். சந்தேகப்படவேண்டியது ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர், சந்தேகப்படாததன் லாபம் வேறொருவருக்கு. அதனால் இதைத் தனிமனித நேர்மையின் பரீட்சையாக மட்டும் பார்ப்பது, பாரத்தை மறுபடியும் அந்தக் கடைசி ஆள் தலையிலேயே வைப்பதாகும். இரண்டாவது ஓவன் வாங்கித் தராதவரும், மூன்று மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் தந்தவரும்கூட அந்த எண்ணில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நமக்கு வந்து சேரும் ரிப்போர்ட்டில் ஒரே ஓர் எண்தான் இருக்கும். ஆய்வக நோட்டில் குறைந்தது நான்கு இருக்கவேண்டும்: காலிக் கிண்ணத்துக்கு இரண்டு, படிவோடு இரண்டு. ஆற்று நீரை நம்பிப் பயிர் வைக்கிறவர்கள் கூட்டங்களில் கேட்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணைத்தான். அடுத்தமுறை, எல்லைக்கு அந்தப் பக்கத்து எண்ணானாலும் இந்தப் பக்கத்து எண்ணானாலும், அந்த நான்கையும் கேட்கலாம். காலிக் கிண்ணத்துக்கு எதிரே ஒரே ஓர் எடை மட்டும் எழுதியிருந்தால், பக்கத்தில் இருக்கும் எண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை இன்னும் யாரும் அளக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.