கதவுக்கு முன் நிற்கிற படைவீரன்



நன்மை வாங்குமுன், ஆண்டவர் நம் இல்லத்தில் எழுந்தருள நமக்குத் தகுதியில்லை என்று பூசையில் சொல்லுகிறோமே, அந்தச் சொல் யாருடையது? ஒரு பட்டாளத்து மனிதனுடையது. கப்பர்நாகூம் ஊரில் நூற்றுவர் தலைவனாயிருந்த அவன் யூதனல்லன். பட்டயம் ஏந்தியவன் எவன் வீட்டுக் கதவையும் உதைத்துத் திறக்கலாம். ஆனால் அவ்வூர்ப் பெரியோர்களே சேசுநாதரிடம் போய் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். தங்கள் சனத்தை நேசிக்கிறவன், தங்களுக்குச் செபக்கூடம் கட்டித் தந்தவன் என்று சாட்சி சொன்னார்கள். பயமுறுத்தி வாங்கக்கூடிய சாட்சியோ இது?

இனி, 1968-ம் ஆண்டு மார்ச் மாதம் 16-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். தென் வியட்நாமில் மை லாய் என்னும் சிற்றூர். பகைவர் ஒளிந்திருக்கிறார்கள் என்று அமெரிக்கப் பட்டாளத்தார் தேடிவந்தார்கள். பகைப்படை அங்கே இல்லை. இருந்தவர்கள் கிழவர்களும் பெண்களும் பாலகருமே. அவர்களைக் குடிசைகளிலிருந்து துரத்தி, பலரை வாய்க்காலில் தள்ளிச் சுட்டார்கள். அன்று மாண்டவர்கள் 504 பேர் என்பது வியட்நாமியர் கணக்கு. அமெரிக்கப் படையின் கணக்கோ 347.

வானில் ஹெலிகாப்டர் ஓட்டிவந்த ஹியூ தாம்சன் இதைக் கண்டார். அவருக்கு வயது 24. குழியில் பதுங்கியிருந்த கிராமத்தாருக்கும் தம் சொந்தப் பட்டாளத்தாருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். இந்த ஏழைகளைச் சுட்டால் நம்மவர்களையே திருப்பிச் சுடுங்கள் என்று தம் கூட்டாளிகளுக்குக் கட்டளையிட்டுவிட்டு, தாமே குழியண்டை போய்க் கைகாட்டி அழைத்தார். உற்றாரைக் கொன்றவர்கள் உடுத்தியிருந்த அதே உடுப்புத்தான் அவர் மேலும் இருந்தது. ஆயினும் அவர்கள் வெளியே வந்தார்கள். வேறு ஹெலிகாப்டர்களை வரவழைத்து அவர்களைப் பத்திரமாய் அனுப்பினார். இதற்காகச் சொந்த நாட்டிலேயே அவர் வெகுகாலம் ஏச்சு வாங்கினார். முப்பது வருஷம் கழித்து, 1998-ல்தான், அவருடைய படை அவருக்குப் பதக்கம் அளித்தது.

தங்களிடம் வந்த போர்ச்சேவகரை ஸ்நாபக அருளப்பர், சேவகத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. எவரையும் துன்புறுத்திப் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள் என்றார். அதிகாரம் பாவமல்ல, எளியவனை மிதிக்கிற அதிகாரமே பாவம்.

நம் கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் வீட்டில் ஒரு நகை காணோமென்றால், முதலில் யாருடைய மூட்டையை அவிழ்க்கிறோம்? வேலைக்காரப் பெண்ணின் மூட்டையையல்லவா? நகை பிறகு அரிசிப் பானைக்குள் அகப்படும். அவள் இழந்த மானம் எங்கே அகப்படும்? மருமகளின் பெட்டியைத் திறக்கிற மாமியாரே, மகனின் சட்டைப்பையைத் துழாவுகிற தகப்பனாரே, சந்தேகம் வந்தால் கேளுங்கள், விசாரியுங்கள். ஆனால் குற்றவாளியென்று முன்னதாகவே தீர்த்துவிடாதீர்கள். நம்பிக்கை ஒருமுறை செத்தால் அதை எழுப்ப வருஷங்கள் செல்லும்.

வருகிற ஞாயிறு அந்த நூற்றுவர் தலைவனின் சொல்லை நாவில் எடுக்குமுன், நாம் அவமானப்படுத்தின ஒருவரிடம் போய் மன்னிப்புக் கேட்போம். அப்போது சேசுநாதர் நம் இல்லத்தில் சந்தோஷமாய் எழுந்தருளுவார். ஆமென்.